கை நடுங்காமல் தூக்கணும்!

"சார், நம்ம நேவிகிட்ட ஒரு கிரேன் கூடவா இல்லை?"

பக்கத்து சீட் நண்பர் கேட்டார். காலையில் ஆபீஸுக்கு வந்ததும் பேப்பரில் அவர் முதலில் படிப்பது டெண்டர் விளம்பரங்களைத்தான். இதுவரை எந்த டெண்டரும் போட்டதில்லை. சும்மா ஒரு பொழுதுபோக்கு. (கல்யாணமாகி இரண்டு குழந்தை பிறந்த பிறகும் சில பேர் மணமகள் தேவை படிக்கிறார்களே, அந்த மாதிரி.) அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது ஒரு கடற்படை அறிவிப்பு. தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஏதோ கருவியை ரிப்பேர் பண்ண வேண்டுமாம். அதற்கு ஒரு பார்ஜும், அதன் மேல் ஒரு கிரேனும் வாடகைக்கு வேண்டுமாம்.

"ஏவுகணை வெச்சிருக்கான். நீர்மூழ்கி வெச்சிருக்கான். கேவலம், ஒரு கிரேனுக்குப் போய் டெண்டர் விடறானே?"

நியாயமான கேள்விதான். உலகத்தில் எந்த நேவியை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். குடியரசு தின அணிவகுப்பில் ஏவுகணை வரும், கைதட்டுவோம். போர்க்கப்பல் வந்தால் போட்டோ எடுப்போம். பார்ஜ் வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அது என்ன அழகாகவா இருக்கும்? தட்டையான ஒரு இரும்புப் பெட்டி. பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக எஞ்சின்கூடக் கிடையாது. இன்னொரு கப்பல் இழுத்துக்கொண்டு போனால் போகும், நிறுத்தினால் நிற்கும். (எனக்குத் தெரிந்து ஆபீஸ்களில் சில பேர் இப்படி இருக்கிறார்கள். பெயர் வேண்டாம்.)

ஆனால் கடலுக்கு அடியில் ஒரு பொருள் கெட்டுப்போனாலோ, விழுந்துவிட்டாலோ, சிக்கிக்கொண்டாலோ, அப்போது ஏவுகணை ஒன்றுக்கும் உதவாது. இந்த அழகில்லாத இரும்புப் பெட்டியும் அதன் மேல் இருக்கிற தூக்குக் கருவியும்தான் கதி. அவை இல்லாமல் போனதால் ஒரு பெரிய கடற்படை எப்படித் திண்டாடியது, அப்புறம் வெளியூர்க்காரர்கள் வந்து எப்படித் தூக்கிக் கொடுத்தார்கள் என்று நண்பருக்கு இரண்டு நாள் லஞ்ச் நேரம் செலவழித்துச் சொன்னேன். எனக்குக் கிரேன் என்றால் சின்ன வயசிலிருந்தே பைத்தியம். மெட்ரோ ரயில் வேலை நடக்கிற இடத்தில் இப்போதும் பைக்கை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

முதலில் ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறைக்கும்போது கயிறு அறுந்து வாளி உள்ளே போய்விட்டது. என்ன செய்வோம்? எதிர் வீட்டில் பாதாளக் கரண்டி இருக்கும், போய் வாங்கி வருவோம். (இருபத்தைந்து வயசுக்காரர்களுக்கு: அது வட்டமான வளையத்தில் நாலைந்து கொக்கி தொங்குகிற ஒரு சமாசாரம். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுத் துழாவினால் வாளியின் கைப்பிடி மாட்டும். மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் அப்பாவைக் கேட்கவும்.) துழாவுகிறவருக்குப் பலம் தேவையில்லை. நிதானம் வேண்டும். வாளி மாட்டிய பிறகு படக்கென்று இழுத்தால் கொக்கி நழுவி, வாளி மறுபடி உள்ளே போய்விடும்.

இப்போது அந்தக் கிணற்றை 108 மீட்டர் ஆழமாக ஆக்குங்கள். வாளிக்குப் பதில் 154 மீட்டர் நீளமுள்ள அணுசக்தி நீர்மூழ்கி. நீங்கள் நிற்கிற கைப்பிடிச் சுவர் இருக்கிறதே, அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அது சுவர் இல்லை, கடல் அலை மேல் மிதக்கிற பார்ஜ்.

அந்த நீர்மூழ்கியின் பெயர் கூர்ஸ்க்.

*

2000-ம் வருஷம் ஆகஸ்ட் 12. சனிக்கிழமை. ரஷ்யாவுக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் அந்த நாட்டுக் கடற்படை ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தது. காலை 11.28-க்குக் கூர்ஸ்க்கின் மூக்குப் பகுதியில் ஒரு வெடிப்பு. இரண்டேகால் நிமிஷம் கழித்து இன்னொன்று. இரண்டாவது வெடிப்பு எவ்வளவு பெரியது என்றால், நார்வேயில் பூகம்பத்தைப் பதிவு செய்கிற கருவிகளில் கோடு போட்டுவிட்டது. ஒத்திகைக்காக வைத்திருந்த டார்பிடோவில் எரிபொருளாக இருந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு கசிந்ததுதான் காரணம் என்று 2002-ல் விசாரணை முடிவு வந்தது.

உள்ளே இருந்தவர்கள் 118 பேர். பெரும்பாலானவர்கள் அந்தச் சில நிமிஷத்திலேயே போய்விட்டார்கள். ஆனால் கடைசி அறையில், அதாவது ஒன்பதாவது கம்பார்ட்மென்ட்டில், 23 பேர் உயிரோடு ஒதுங்கியிருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு அது அப்போது தெரியாது.

இங்கேதான் நம் கிரேன் கதை ஆரம்பம்.

மீட்பதற்கு வந்த கப்பல் ருட்னிட்ஸ்கி. அடிப்படையில் அது மரம் ஏற்றிப் போகிற சரக்குக் கப்பலின் மாடல். அதன் மேல் இரண்டு குட்டி மீட்பு நீர்மூழ்கிகளை வைத்திருந்தார்கள். குட்டி என்றால் ஒரு மினி பஸ்ஸைவிடப் பெரியது. அதைக் கப்பலில் இருக்கிற கிரேனால் தூக்கிக் கடலில் இறக்க வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் பிரச்னையில்லை. அலை அடித்தால்? ஆட்டத்தைக் குறைக்கிற சாதனம் அந்தக் கப்பலில் இல்லை. கிரேனில் தொங்குகிற குட்டி நீர்மூழ்கி, கோயில் மணி நாக்கு மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். மறுநாளே குட்டி நீர்மூழ்கி கீழே போய்க் கூர்ஸ்க்கைப் பார்த்துவிட்டது. ஆனால் மேல் கதவோடு ஒட்டிக்கொண்டு ஆட்களை ஏற்றிக்கொள்ள முடியவில்லை. பாட்டரி தீர்ந்துவிடும், மேலே வரும். காற்று வீசும், இறக்க முடியாது. இப்படியே நாள் போயிற்று.

மூன்றாவது நாள் ராட்சத மிதவைக் கிரேன் ஒன்று இன்னொரு மீட்பு நீர்மூழ்கியோடு வந்து சேர்ந்தது. வந்து? அலையில் அந்தக் கிரேனால் வேலை செய்ய முடியவில்லை! கடைசியில் கரையோரமாக அமைதியான இடம் பார்த்து நீர்மூழ்கியை இறக்கி, அங்கிருந்து கடல் வழியாகவே இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"இதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையா சார் அவங்ககிட்ட?" என்றார் நண்பர்.

இருந்தது. சோவியத் காலத்தில் மீட்பு வேலைக்கென்றே இரண்டு நீர்மூழ்கிகள் கட்டினார்கள். அவை தண்ணீருக்கு அடியிலேயே போய்க் குட்டி நீர்மூழ்கியை அனுப்பும். அலைத் தொந்தரவே கிடையாது. பிரமாதமான யோசனை. ஆனால் 1990-களில் கையில் காசில்லாமல் போனபோது அவை ஓரங்கட்டப்பட்டன. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் எதில் கை வைப்பார்கள் என்று ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தினமும் பயன்படாத, என்றைக்கோ ஒரு நாள் உயிர் காக்கிற பொருளில்தான்.

ஆகஸ்ட் 16-ம் தேதிதான் ரஷ்யா வெளிநாட்டு உதவியை ஏற்றுக்கொண்டது. நார்வேயிலிருந்து வந்த கப்பலின் பெயர் ஸீவே ஈகிள். போர்க்கப்பல் இல்லை சார். கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கம்பெனிகளுக்கு வேலை செய்கிற கப்பல். அதிலிருந்து இறங்கிய டைவர்கள் ஆகஸ்ட் 21-ம் தேதி, பழுதாகிவிட்டது என்று சொல்லப்பட்ட அந்தக் கதவைத் திறந்தார்கள். உள்ளே முழுக்கத் தண்ணீர்.

அக்டோபரில் மறுபடி டைவர்கள் போய், உடம்பை வெட்டித் திறந்து 12 சடலங்களை எடுத்தார்கள். அதில் ஒன்று தளபதி-லெப்டினென்ட் திமித்ரி கொலெஸ்னிகோவ். வயது 27. அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. சட்டைப் பையில் ஒரு காகிதம். ஒன்பதாவது அறையில் 23 பேர் இருக்கிறோம் என்ற விவரமும், மனைவிக்குச் சில வரிகளும். விளக்கு போன பிறகு, இருட்டில் தடவித் தடவி எழுதியிருந்தார். அவர்கள் எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தார்கள் என்பதில் இன்று வரை கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை.

*

கூர்ஸ்க்கை மேலே கொண்டு வருவேன் என்று அதிபர் புதின் குடும்பத்தினருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தது சரி, எப்படித் தூக்குவது?

உள்ளே இரண்டு அணு உலைகள். அவை தானாக அணைந்துவிட்டன, கசிவு இல்லை. 22 ஏவுகணைகள். மூக்கில் வெடிக்காமல் மிச்சமிருக்கும் டார்பிடோ துண்டுகள் எத்தனை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அடிப்பாகம் சேற்றில் பதிந்திருக்கிறது. கடலோ, வருஷத்தில் சில மாதம்தான் ஆளை அருகே விடும். அக்டோபர் தாண்டினால் புயல், இருட்டு.

முதலில் பேச்சு நடத்திய வெளிநாட்டுக் கூட்டணி, அவசரப்பட்டால் ஆபத்து, 2002-க்குத் தள்ளிப் போடலாம் என்றது. ரஷ்யா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் மாமுட் என்கிற டச்சுக் கம்பெனி, இந்த வருஷமே முடித்துத் தருகிறோம் என்று முன்வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பேர் வாங்கியது தரையில் பெரிய பெரிய பாரங்களைத் தூக்குவதில். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ராட்சதக் கொப்பரைகளைத் தூக்கி நிறுத்துகிற ஆசாமிகள். ஒப்பந்தம் 2001 மே மாதம் கையெழுத்தானது. கையெழுத்துப் போட்ட பிறகு, கடல் வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட ஸ்மிட் என்கிற இன்னொரு டச்சுக் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டார்கள். ரஷ்யப் பக்கம் பொறுப்பு, இகோர் ஸ்பாஸ்கி தலைமையிலான ரூபின் வடிவமைப்பு நிறுவனத்துக்கு. கூர்ஸ்க்கை வடிவமைத்ததும் அவர்கள்தான். பெற்றவர்களே வந்து நின்ற மாதிரி.

"பெரிய கிரேனா பார்த்துக் கொண்டாந்து தூக்க வேண்டியதுதானே?"

இதே கேள்வி எனக்கும் வந்தது. தூக்க வேண்டிய எடை ஏறக்குறைய 9,000 டன். கிரேன் என்பது நீளமான கை. கையின் நுனியில் பாரம். கப்பல் இம்மி ஆடினால் நுனி முழம் ஆடும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பாரம் கயிற்றில் தொங்குகிறது, அலை பார்ஜை ஒரு மீட்டர் மேலே தூக்குகிறது என்று வையுங்கள். அந்தச் சில விநாடியில் 9,000 டன்னும் கூடவே மேலே வர வேண்டும். வராது. அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். கயிறு விறைக்கும். அடுத்து அலை இறங்கும்போது கயிறு தொய்யும். மறுபடி படக்கென்று விறைக்கும். வாளி இழுக்கும்போது படக்கென்று இழுக்காதே என்று பாட்டி சொன்னாளே, அதேதான். கடலில் ஒரு பாரத்தைத் தூக்குகிறவனுக்கு எதிரி எடை இல்லை. இந்தப் 'படக்'தான்.

மாமுட்காரர்கள் கிரேனையே ஒதுக்கிவிட்டார்கள். ஸ்மிட் கம்பெனியின் ஜயன்ட் 4 என்கிற ராட்சத பார்ஜை எடுத்து, அதன் மேல் 26 தூக்கு ஜாக்கிகளை வரிசையாக வைத்தார்கள். ஒரு ஜாக்கி 900 டன் தூக்கும். ஒவ்வொன்றிலும் 54 எஃகு வடங்கள். மொத்தம் எவ்வளவு என்று நண்பர் கால்குலேட்டரைத் தட்டினார். 1,404 வடம். 23,400 டன் சக்தி.

"9,000-க்கு இது டூ மச் இல்லையா சார்?"

இல்லை. அது சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஈரமான களிமண்ணில் செருப்பு மாட்டிக்கொண்டால் தெரியும், செருப்பின் எடையைவிடச் சேற்றின் பிடி அதிகம். அதற்கும் சேர்த்துத்தான் சக்தி வேண்டும். ஒன்றிரண்டு ஜாக்கி மக்கர் பண்ணினால் மற்றவை தாங்கவும் வேண்டும்.

இந்த ஜாக்கி வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தென்னை மரம் ஏறுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கையால் மரத்தைப் பிடித்துக்கொள்வார், காலை மேலே இழுப்பார். காலில் தளை இறுகும், இப்போது கையை மேலே கொண்டு போவார். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பிடி மரத்தில் இருக்கும். ஜாக்கியிலும் மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. மேல்பிடி வடத்தைக் கவ்விக்கொண்டு கொஞ்சம் உயரும். கீழ்ப்பிடி கவ்விக்கொள்ளும், மேல்பிடி விட்டுவிட்டுக் கீழே இறங்கி மறுபடி கவ்வும். சாண் சாணாக, அலுக்காமல், 108 மீட்டர். கரண்ட் போனாலும் பிடி விடாது.

சரி, 'படக்'குக்கு என்ன வழி? ஒவ்வொரு ஜாக்கிக்கு அடியிலும் நைட்ரஜன் வாயு அடைத்த சிலிண்டர்களை வைத்தார்கள். நம் பைக்கில் இருக்கிற ஷாக் அப்ஸார்பர்தான், அளவு மட்டும் ராட்சதம். அலை பார்ஜை மேலே தூக்கினால் வாயு அமுங்கிக் கொடுக்கும். பார்ஜ் இறங்கினால் வாயு விரிந்து வடத்தைத் தொய்யாமல் பிடித்துக்கொள்ளும். பார்ஜ் ஆடும், பாரம் ஆடாது. ருட்னிட்ஸ்கி கப்பலில் அந்த ஆகஸ்ட் மாதம் இல்லாமல் போனது இந்த மாதிரி ஏதோ ஒன்றுதான்.

பார்ஜின் அடிவயிற்றையும் வெட்டி மாற்றினார்கள். கூர்ஸ்க்கின் வளைந்த முதுகுக்குப் பொருந்துகிற மாதிரி மெத்தைகள். அதன் கோபுரம் போய் உட்கார ஒரு குழி. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு போகுமே, அப்படி எடுத்துப் போவதாக ஏற்பாடு.

*

இதெல்லாம் மேலே நடந்தது. கீழே நடந்ததுதான் எனக்கு இன்னும் பிரமிப்பு.

26 வடக் கட்டுகளையும் மாட்ட 26 ஓட்டை போட வேண்டும். வெளி உடம்பில் கனமான ரப்பர் உறை, சத்தம் வெளியே போகாமல் இருக்க. அதற்குள் ஒரு இரும்புத் தோல். நடுவில் குழாயும் கம்பியுமாக ஒரு காடு. அப்புறம்தான் அழுத்தத்தைத் தாங்குகிற தடித்த எஃகு உடம்பு. வெல்டிங் வைத்து வெட்டினால் நெருப்பு, உள்ளேயோ வெடிபொருள். ஆகவே தண்ணீரை வைத்தே வெட்டினார்கள்! அரம் போன்ற தூளைக் கலந்து பயங்கர வேகத்தில் பீய்ச்சி அடித்தால் தண்ணீர் எஃகை அறுக்கும். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஆள் நுழைகிற அகலம்.

அதைச் செய்த டைவர்கள் மேயோ என்கிற கப்பலில் இருந்து வந்தார்கள். 108 மீட்டரில் அழுத்தம் நாம் சுவாசிக்கிற காற்றைப் போல ஏறக்குறைய 12 மடங்கு. அங்கே போய்விட்டு உடனே மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் நுரை பொங்கும். பழைய அழுத்தத்துக்குத் திரும்பவே நாலைந்து நாள் பிடிக்கும். தினமும் அப்படிக் கீழே போய் மேலே வர முடியுமா? அதனால் மேலே கப்பலிலேயே ஒரு இரும்பு அறைக்குள் அந்த 12 மடங்கு அழுத்தத்தை ஏற்படுத்தி, வாரக்கணக்கில் அதற்குள்ளேயே குடும்பம் நடத்துவார்கள். சாப்பாடு, தூக்கம், செஸ் எல்லாம் உள்ளேதான். வேலை நேரம் வந்தால் மணி போன்ற ஒரு கூண்டில் ஏறி கீழே. முடிந்ததும் கூண்டில் ஏறி அறைக்கு. சுவாசிக்கிற வாயுவில் ஹீலியம் கலந்திருப்பதால் குரல் வாத்து மாதிரி ஆகிவிடும். "செத்தவன் பக்கத்துல நின்னு வேலை செய்யறவன், கார்ட்டூன் குரல்ல பேசிக்கிட்டு இருப்பானா?" என்றார் நண்பர். ஆமாம். அப்படித்தான்.

ஓட்டை போட்ட பிறகு, ஒவ்வொன்றிலும் ஒரு கவ்வியை இறக்கினார்கள். மூடிய குடை மாதிரி உள்ளே போகும். போனதும் விரல்கள் விரிந்து உள்பக்கமாக எஃகு உடம்பைப் பிடித்துக்கொள்ளும். நம் பாதாளக் கரண்டிக்குக் கொள்ளுப்பேரன்.

இன்னொரு பெரிய வேலை, மூக்கை வெட்டுவது. வெடித்துச் சிதைந்த முன்பகுதி தூக்கும்போது பாதியில் கழன்று விழுந்தால் எல்லாம் கெட்டது. அதில் மிச்சமிருக்கும் வெடிபொருள் வேறு. அதனால் அதைக் கீழேயே விட்டுவிட முடிவு. இரண்டு பக்கமும் கடல் தரையில் பெரிய இரும்பு உருளைகளைப் பதித்து, கரடுமுரடான உருளைகள் கோத்த ஒரு சங்கிலியை நடுவில் போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்து அறுத்தார்கள். மரம் அறுக்கும் டிப்போவில் இரண்டு பேர் ரம்பம் இழுப்பார்களே, அதே வேலை. சங்கிலி பல தடவை அறுந்தது. ஒவ்வொரு தடவையும் மாற்றி மாட்டி மறுபடி இழுத்தார்கள்.

செப்டம்பர் நடுவில் தூக்குவதாகத் திட்டம். வானிலை விடவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. அக்டோபர் முதல் வாரம் முடிகிற நேரத்தில்தான் கடல் கொஞ்சம் இறங்கி வந்தது.

2001 அக்டோபர் 8. விடியற்காலை. 26 ஜாக்கிகளும் வேலையை ஆரம்பித்தன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒன்றாகக் கவனித்துக்கொண்டது. எடுத்த எடுப்பில் முழு பலத்தையும் போடவில்லை. படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார்கள். சேறு பிடியை விட்டது. அப்புறம் மணிக்குப் பத்து மீட்டர்கூட இல்லாத வேகத்தில், சுமார் 15 மணி நேரம் கழித்து, கூர்ஸ்க் பார்ஜின் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. கூட்டம் போட்டுக் கைதட்டிப் பார்க்க ஒன்றுமே இல்லை. தண்ணீருக்கு மேலே ஒரு தட்டையான பார்ஜ் மட்டும். சாயங்காலம் ஆனது, அவ்வளவுதான்.

*

இழுத்துக்கொண்டு போன இடம், முர்மான்ஸ்க் அருகே ரொஸ்ல்யகோவோ. அங்கே பிடி-50 என்கிற மிதக்கும் டாக் இருந்தது. 330 மீட்டர் நீளம். தண்ணீரை நிரப்பினால் கீழே இறங்கும், கப்பல் உள்ளே வந்ததும் தண்ணீரை வெளியேற்றினால் கப்பலோடு மேலே எழும். ஆனால் பார்ஜும் அதன் அடியில் கூர்ஸ்க்கும் சேர்ந்து ரொம்ப ஆழம் வரை இருந்ததால் டாக்குக்குள் நுழையவில்லை. அதற்காகவே கட்டிய இரண்டு பெரிய மிதவைகளை ஜயன்ட் 4-ன் அடியில் கொடுத்து, பார்ஜையே உயர்த்தி உள்ளே விட்டார்கள். தூக்கினதைத் தூக்கி, அதையும் தூக்கி! அக்டோபர் 20 தேதிகளில் டாக் மெல்ல எழுந்தது. தண்ணீர் வடிய வடிய, மூக்கு இல்லாத கூர்ஸ்க் வெளியே தெரிந்தது.

118 பேரில் 115 பேரின் உடல்கள் கிடைத்து, அடையாளம் கண்டு குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டன. மூன்று குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

அந்த பிடி-50-ன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் வெளியூர் சரக்குதான். ஸ்வீடனில் கட்டி 1980-ல் சோவியத் யூனியன் வாங்கியது. கூர்ஸ்க்கைத் தாங்கியதற்கு 17 வருஷம் கழித்து, 2018 அக்டோபர் 30-ம் தேதி, ரஷ்யாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான அட்மிரல் குஸ்னெட்ஸோவ் அதற்குள் ரிப்பேருக்கு நின்றபோது கரண்ட் போய்விட்டது. பம்புகள் நின்றன. டாக் முழுகிவிட்டது. முழுகும்போது அதன் மேல் இருந்த 70 டன் கிரேன் ஒன்று சாய்ந்து, விமானந்தாங்கியின் மேல் தளத்தில் விழுந்து ஓட்டை போட்டது. கப்பல் மிதந்து தப்பியது, டாக் போயிற்று. ஜெனரேட்டர் வைக்காத கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்துக்குக் கரண்ட் போன மாதிரி.

"நம்ம ஊர்ல இப்படி நடந்தா?"

நடந்தது. 2013 ஆகஸ்ட் 14, நள்ளிரவு தாண்டி. மும்பை கடற்படைத் தளத்தில் நின்றுகொண்டிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கியில் வெடிப்பு. 18 பேர் பலி. நின்ற இடத்திலேயே முழுகிவிட்டது. நடுக்கடல் இல்லை, துறைமுகத்துக்குள். அதைத் தூக்கவும் வெளிநாட்டுக் கம்பெனியின் உதவியைத்தான் நாடினோம். வெளியே வந்தது 2014 ஜூனில். ஏறக்குறைய பத்து மாதம். ஆழ்கடலில் சிக்கியவர்களை மீட்கும் வாகனங்கள் இரண்டை இங்கிலாந்துக் கம்பெனியிடம் வாங்கி, முதலாவதை 2018-ல் மும்பையில் சேர்த்தோம். இன்னொன்று விசாகப்பட்டினத்துக்கு. இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. தினமும் தேவைப்படாத ஒன்றை எல்லாரும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. எதிர் வீட்டுப் பாதாளக் கரண்டி மாதிரி, யாரிடம் இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். டெண்டர் விடுவதும் அதற்குத்தான்.

ரஷ்யாவிலும் அது தெரிந்துபோயிருந்தது. 2005 ஆகஸ்ட் 4. கூர்ஸ்க்கின் ஐந்தாவது வருஷ நினைவு நாளுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. இந்தத் தடவை கிழக்கே, கம்சட்கா கடற்கரைக்கு அப்பால். ஏஎஸ்-28 என்கிற குட்டி நீர்மூழ்கி 190 மீட்டர் ஆழத்தில் சிக்கிக்கொண்டது. கூர்ஸ்க்கில் இருந்தவர்களை மீட்க அனுப்பினார்களே, அதே ரகம். மீட்க வேண்டியதே மாட்டிக்கொண்டது! கடலுக்கு அடியில் கடற்படை வைத்திருந்த ஆன்டெனா ஒன்றின் கேபிளும், மீன் வலைகளும் சுற்றிக்கொண்டன. அந்த ஆன்டெனாவைப் பிடித்திருந்த நங்கூரத்தின் எடை 60 டன் என்றார்கள். உள்ளே ஏழு பேர். குளிர். குடிதண்ணீரை அளந்து அளந்து குடித்தார்கள். மூச்சை மிச்சம் பிடிக்க அசையாமல் படுத்துக்கொண்டார்கள்.

மேலே இருந்தவர்கள் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. ஆனால் இந்த முறை நாலு நாள் காத்திருக்கவில்லை. மறுநாளே உலகம் பூராவும் உதவி கேட்டார்கள். அமெரிக்காவும் இங்கிலாந்தும் விமானத்தில் கருவிகளை ஏற்றின. ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக் விமான நிலையத்திலிருந்து ஸ்கார்ப்பியோ என்கிற ஆளில்லாத நீர்மூழ்கி ரோபோ புறப்பட்டது. கம்சட்கா வந்ததும் லாரி, துறைமுகத்தில் கிரேன், அங்கிருந்து ஒரு ரஷ்யக் கப்பலின் தளம், மறுபடி கிரேன், கடல். அதன் கை கீழே போய் ஒவ்வொரு கேபிளாக, வலையாக நறுக்கியது. நடுவில் ஸ்கார்ப்பியோவுக்கே கோளாறு வந்து ஒரு தடவை மேலே வர வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 7-ம் தேதி ஏஎஸ்-28 தானாகக் குபுக்கென்று மேலே வந்தது. மூன்று நாளுக்கு மேல் கீழே கிடந்த ஏழு பேரும், கதவை உள்ளேயிருந்து தாங்களே திறந்துகொண்டு, ஒவ்வொருவராக வெளியே ஏறி வந்தார்கள்.